நட்சத்திரம் அல்லாத நட்சத்திரம்



பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனுடைய பெயர் தவறுதலாக வேறு வகுப்பில் பதிவாகிவிட்டால் என்ன நேரும்? இரண்டொரு நாட்களில் ஆசிரியர் அதைக் கண்டு திருத்திவிடுவார். வானநூலார் வைத்திருக்கும் பதிவேட்டிலும் இத்தகைய பிழை ஒன்று ஒருமுறை நேர்ந்தது. அதைத் திருத்துவதற்கு 39 ஆண்டுகள் சென்றன. நட்சத்திரங்களின் வரிசையில் எழுதப்பட்ட அந்தப் பெயருக்கு உரிய பொருள் நட்சத்திரமே அன்று. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு திருந்தியது, திருத்தியவர்கள் அதனால் என்ன கற்றார்கள் என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

ஜெர்மனி நாட்டின் நடுவே, மலைக்காடுகள் சூழ்ந்த துரிங்கியப் பகுதியில் ஸோன்னெபெர்க் என்று ஒரு சிறு நகரம் உண்டு. குழந்தைகள் விளையாடும் பொம்மைகளைச் செய்வதில் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1925-ஆம் ஆண்டில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. அதனை உருவாக்கி வளர்த்தவர் கூனோ ஹோஃப்மைஸ்டர் என்பவர். இரவுதோறும் வானத்தைப் படம் பிடிப்பதும், ஒரே பகுதியை வெவ்வேறு இரவுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நட்சத்திரங்களைத் தேடுவதும் அவர் மேற்கொண்ட பணி. சலிப்பூட்டும் வேலைதான். எனினும் அவர் சலிக்கவில்லை. தம் வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 மாறொளி நட்சத்திரங்களை அவர் கண்டறிந்தார்.

அவற்றுள் ஒன்று 1929-ஆம் ஆண்டில் அவர் அறிவித்த மங்கலான ஒளிப்புள்ளி. அது வடவானத்தில், இலத்தீன் மொழியில் பல்லியைக் குறிக்கும் ‘லாசர்ட்டா’ என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் இருந்தது. மாறொளி நட்சத்திரங்களுக்கு எழுத்துகளையும், அவை இருக்கும் கூட்டத்தின் பெயரையும் சேர்த்து வழங்குவது மரபு. அம்மரபின்படி இதற்கு ‘பி.எல். லாசர்ட்டே’ என்று பெயரிட்டார்கள். பின்னர் நெடுங்காலம் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை.

இதில் ஹோஃப்மைஸ்டரைக் குறை கூறுதல் தகாது. அவரிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது கண்ணுக்குப் புலனாகும் ஒளி. அந்த ஒளியில் அது நட்சத்திரம் போலவே தோன்றியது. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புக் கூறுபவர் எவ்வளவு நேர்மையானவராயினும் தவறக்கூடும் அன்றோ?

ஒளி என்று நாம் சொல்லுவது ஒரு பெரிய குடும்பத்தில் ஓர் உறுப்பினரே ஆகும். அக்குடும்பத்தில் நீண்ட அலைகளை உடையவை ரேடியோ அலைகள். அடுத்து அகச்சிவப்புக் கதிர், பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளி, அப்பால் புறஊதாக் கதிர், எக்ஸ் கதிர், முடிவில் மிகக் குறுகிய அலைநீளமும் மிக்க ஆற்றலும் கொண்ட காமா கதிர். எல்லாம் ஒரே வேகத்தில் செல்லும் உடன்பிறப்புகள். ஆயினும் நம் கண் அறிவது நடுவிலுள்ள ஒருவரை மட்டுமே.

இரண்டாவது சாட்சி 1933-ஆம் ஆண்டில் அரங்கேறியது. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர், வானொலித் தொடர்பில் குறுக்கிடும் இரைச்சலின் காரணத்தைத் தேடிச் சென்றார். அதில் ஒரு பகுதி பால்வீதியிலிருந்து வருகிறது என்பதை அவர் கண்டறிந்து அவ்வாண்டில் அறிவித்தார். வானம் ஒளியால் மட்டும் பேசவில்லை, ரேடியோ அலைகளாலும் பேசுகிறது என்று அன்று தெரிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தத் துறை விரைந்து வளர்ந்தது. 1962-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரத்து ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, சிரில் ஹஸார்டும் அவருடைய தோழர்களும் ஓர் உபாயம் செய்தார்கள். ‘3 சி 273’ என்னும் ரேடியோ மூலத்தைச் சந்திரன் கடந்து மறைத்த நேரத்தையும், அது மீண்டும் வெளிப்பட்ட நேரத்தையும் நுட்பமாகக் குறித்து, அம்மூலம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணித்தார்கள். நம் நீலகிரியில், உதகமண்டலத்தின் அருகே கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியும் இதே சந்திர மறைப்பு முறையால் பல நூறு மூலங்களை ஆராய்ந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும்.

பார்க்ஸ் குறித்த இடத்தில் நட்சத்திரம் போன்ற ஓர் ஒளிப்புள்ளி இருந்தது. 1963-ஆம் ஆண்டில் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை ஆராய்ந்தார். நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் விலகியிருந்த அளவைக் கொண்டு, அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது என்று தெரிந்தது. இவ்வாறு ‘குவேசார்’ என்னும் புதிய இனம் அறிமுகமாயிற்று.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. இப்பொருளின் ஒளி முன்பு எப்படி இருந்தது? கேள்வி பிறந்தது 1963-ஆம் ஆண்டில்; விடையோ அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தின் அலமாரிகளில் 1880-களிலிருந்தே காத்திருந்தது. அங்கே சேர்த்து வைத்திருந்த பழைய புகைப்படத் தகடுகளை ஹார்லன் ஸ்மித், டாரிட் ஹாஃப்லெய்ட் ஆகிய இருவரும் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குவேசாரின் ஒளி ஆண்டுக்கு ஆண்டு மாறி வந்திருக்கிறது என்பது புலப்பட்டது. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட பதிவு, பிற்காலத்தவர்க்குச் செல்வமாயிற்று.

இனி நம் பல்லிக் கூட்டத்துக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்திலுள்ள வெர்மிலியன் ஆற்று வானாராய்ச்சி நிலையத்தார் தயாரித்த பட்டியலில் ஒரு ரேடியோ மூலம் இடம்பெற்றிருந்தது. அது இருக்கும் இடமும் பி.எல். லாசர்ட்டே இருக்கும் இடமும் ஒன்றே என்பதை 1968-ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த ஜான் ஷ்மிட் எடுத்துக்காட்டினார். சாதாரண மாறொளி நட்சத்திரம் இவ்வளவு வலிய ரேடியோ அலைகளை வீசாது. 39 ஆண்டுகளாக நட்சத்திரம் என்ற வேடத்தில் இருந்தது வேறொன்று என்று அன்று வெளிப்பட்டது.

வருந்தத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. அதே 1968-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் ஹோஃப்மைஸ்டர் காலமானார். தாம் கண்டெடுத்த சிறு புள்ளி எத்தகைய பொருள் என்பதை அறியாமலே அவர் மறைந்தார்.

நட்சத்திரம் அன்று எனில், அது எவ்வளவு தொலைவில் உள்ளது? நிறமாலையைப் பார்த்தால் கோடுகளே இல்லை. வெற்றுப் பலகை போல் இருந்தது. 1974-ஆம் ஆண்டில் பாலோமர் மலையின் 5 மீட்டர்த் தொலைநோக்கியைக் கொண்டு ஓக், கன் என்னும் இருவரும் ஒரு தந்திரம் செய்தார்கள். கண்ணைப் பறிக்கும் நடுப்புள்ளியை மறைத்துவிட்டு, அதைச் சுற்றி மங்கலாகத் தெரிந்த ஒளியின் நிறமாலையை மட்டும் எடுத்தார்கள். அந்த மங்கிய ஒளி ஒரு முழு நட்சத்திர மண்டலத்தின் ஒளி! தொலைவு ஏறத்தாழ 90 கோடி ஒளியாண்டுகள். அத்தனை தொலைவிலுள்ள மண்டலத்தின் நடுமையத்தைத்தான் நம் வீட்டு முற்றத்து நட்சத்திரம் என்று எண்ணியிருந்தார்கள்.

ஐயம் தீரவில்லை, இன்னும் பெருகியது. ஒரு பொருளின் ஒளி ஒரே நாளில் வெகுவாக மாறுமானால், அந்த ஒளி பிறக்கும் இடம் ஒரு நாளில் ஒளி கடக்கும் தொலைவை விடப் பெரிதாக இருத்தல் இயலாது என்பது பொதுவான கணக்கு. அவ்வளவு சிறிய இடம், கோடானுகோடி நட்சத்திரங்களைக் கொண்ட மண்டலத்தை விட அதிக ஒளி வீசுவது எங்ஙனம்? போதாக்குறைக்கு, 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்தபோது, 3 சி 279 முதலிய குவேசார்களின் உட்பகுதிகள் ஒளியினும் வேகமாக விலகிச் செல்வது போல் தோன்றின. ஒளியை மிஞ்சும் வேகம் உலகில் இல்லை என்பதன்றோ ஐன்ஸ்டைனின் கொள்கை?

இந்தத் தோற்றத்தை 1966-ஆம் ஆண்டிலேயே மார்ட்டின் ரீஸ் என்னும் ஆங்கில இளைஞர் கணிதத்தால் முன்கூட்டியே கூறியிருந்தார். அதை ஓர் உவமையால் விளக்குகிறேன். 180 மைலுக்கு அப்பாலுள்ள ஒருவர் நம் ஊரை நோக்கி நடந்து வருகிறார். அவர் நாளொன்றுக்கு 18 மைல் நடப்பார். புறப்படும்போது ஒரு கடிதத்தை அஞ்சற்காரனிடம் கொடுத்தனுப்புகிறார். அவன் நாளொன்றுக்கு 20 மைல் செல்பவன். கடிதம் 9-ஆம் நாள் வருகிறது. மனிதர் 10-ஆம் நாள் வந்து சேருகிறார். ‘இதோ புறப்பட்டேன்’ என்ற செய்திக்கும் அவர் வருகைக்கும் இடையே நாம் காண்பது ஒரே நாள். பத்து நாள் பயணம் ஒரு நாளில் முடிந்தது போல் தோன்றுகிறது அல்லவா? தன் ஒளியைத் தானே துரத்திக்கொண்டு நம்மை நோக்கி வரும் பொருளின் கதையும் இதுவே. நாள்கணக்கில் நிகழ்ந்தது மணிக்கணக்கில் நிகழ்ந்தது போல் நமக்குத் தெரிகிறது.

1978-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய மாநாட்டில் ரீஸும் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் இக்கருத்தைப் பி.எல். லாசர்ட்டே இனத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். நட்சத்திர மண்டலத்தின் நடுவே மிகப் பெரும் கருந்துளை இருக்கிறது. அதன் அருகிலிருந்து ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பொருள் தாரையாகப் பீறிடுகிறது. அத்தாரை ஏறத்தாழ நேராக நம் முகத்தை நோக்கி வருவதால் அதன் ஒளி பன்மடங்காகத் தோன்றுகிறது. பக்கவாட்டில் நிற்பவனுக்கு ரயில் எஞ்சினின் முகப்பு விளக்கு சாதாரணமாகத் தெரியும். தண்டவாளத்தின் மேல் எதிரே நிற்பவனுக்குக் கண் கூசும். அம்மாநாட்டின் விருந்தில் எட் ஸ்பீகல் என்பவர், பி.எல். லாசர்ட்டே, குவேசார் என்னும் இரு பெயர்களையும் பிணைத்துப் ‘பிளேசார்’ என்ற சொல்லைப் படைத்தார். ஆங்கிலத்தில் கொழுந்துவிட்டெரிதலைக் குறிக்கும் சொல்லின் ஒலியும் அதில் அமைந்துவிட்டது.

தாரையைப் பக்கவாட்டில் கண்ட சான்றும் பழைய பதிவில் இருந்தது. 1918-ஆம் ஆண்டிலேயே ஹீபர் கர்ட்டிஸ், எம் 87 என்னும் மண்டலத்தின் நடுவிலிருந்து நேரான ஒளிக்கதிர் ஒன்று நீண்டிருப்பதைக் குறித்து வைத்தார். அதன் பொருள் அன்று எவர்க்கும் விளங்கவில்லை. அம்மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் நிழற்படத்தை 2019-ஆம் ஆண்டில் உலகமே கண்டது.

அடுத்த கேள்வி, தாரைக்குள் ஒளி எவ்வாறு பிறக்கிறது என்பது. பிளேசாரின் ஒளியை எல்லா அலைநீளங்களிலும் அளந்து வரைபடமாக இட்டால், இரு திமில் கொண்ட ஒட்டகம் போல் இரண்டு மேடுகள் தெரிகின்றன. முதல் மேடு ரேடியோ அலையில் தொடங்கிக் கட்புலனாகும் ஒளியிலும், சிலவற்றில் எக்ஸ் கதிரிலும் உச்சம் அடைகிறது. காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று பாயும் எலக்ட்ரான்கள் வீசும் ஒளி இது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. இரண்டாவது மேடு காமா கதிரில் எழுகிறது. அதே எலக்ட்ரான்கள் எதிர்ப்படும் ஒளித்துகள்களை மோதி, ஆற்றலூட்டிக் காமா கதிராக்குகின்றன என்பது ஒரு கட்சி. எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 1,836 மடங்கு நிறையுள்ள புரோட்டான்களும் அங்கே முடுக்கப்படுகின்றன, காமா கதிருக்கு அவையும் காரணம் என்பது மற்றொரு கட்சி. விண்ணிலிருந்து நம் பூமியை இடையறாது தாக்கும் காஸ்மிக் கதிர்களுள் மிக்க ஆற்றலுடையவை எங்கே பிறக்கின்றன என்ற பழைய வினாவும் இவ்வழக்கைச் சார்ந்தே நிற்கிறது.

இரண்டாவது மேட்டைக் காணும் கண்கள் 1991-ஆம் ஆண்டில் திறந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட காம்ப்டன் விண்கலம், ஜூன் திங்களில் 3 சி 279 காமா கதிரில் பேரொளி வீசுவதைக் கண்டது. மறு ஆண்டு, அரிஸோனாவில் நிறுவியிருந்த 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி, மார்க்காரியன் 421 என்னும் பிளேசாரிலிருந்து மேலும் ஆற்றல் மிக்க காமா கதிர் வருவதைத் தரையிலிருந்தே கண்டறிந்தது.

சாட்சிகள் பெருகிவிட்டார்கள். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. கணந்தோறும் மாறும் பொருளை ஒருவர் திங்கட்கிழமையும் மற்றொருவர் வெள்ளிக்கிழமையும் பார்த்தால், அவ்விரு சாட்சியங்களையும் ஒட்டுவது எப்படி? காவிரியில் வெள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரிலும் திருச்சியிலும் கல்லணையிலும் இருப்பவர்கள் நீர்மட்டம் உயர்ந்த நேரத்தைக் குறித்து வைத்தால், வெள்ளம் எங்கே தொடங்கியது, எவ்வளவு விரைவாக வந்தது என்று கணக்கிடலாம். நேரம் குறிக்காமல் ‘வெள்ளம் வந்தது’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஆகவே, பல நாட்டு வானநூலாரும் ஒரே பிளேசாரை ஒரே காலத்தில், ரேடியோ முதல் காமா வரை எல்லாக் கருவிகளாலும் கூடி நோக்குவது என்று உடன்பாடு செய்துகொள்ளலானார்கள்.

அதன் பயனைப் பாருங்கள். 1997-ஆம் ஆண்டில் மார்க்காரியன் 501 கொதித்தெழுந்தபோது எக்ஸ் கதிரும் காமா கதிரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. இரண்டையும் வீசுபவை ஒரே எலக்ட்ரான்கள் என்ற கட்சி வலுப்பெற்றது. ஆனால் 2002-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 1 இ.எஸ். 1959+650 என்னும் பிளேசாரில் காமா கதிர் மட்டும் திடீரெனப் பொங்கிற்று. எக்ஸ் கதிர் அசையவில்லை. ‘அநாதைப் பொங்கல்’ என்று வானநூலார் அதற்குப் பெயர் வைத்தார்கள். தனித்தனியே பார்த்திருந்தால் இந்த முரண்பாடு வெளிப்பட்டிருக்குமா?

நம் பழைய நண்பன் பி.எல். லாசர்ட்டேயும் பேசியது. ஒரு கயிற்றை மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். ஒளியலையின் அதிர்வுக்கும் அவ்வாறு ஒரு தளம் உண்டு. 2005-ஆம் ஆண்டில் அதன் ஒளி பொங்கியபோது அதிர்வுத் தளம் சீராகச் சுழன்றது. ரேடியோ படங்களிலோ ஒரு புதிய ஒளிமுடிச்சு தாரையில் நகர்ந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்த ஆலன் மார்ஷரும் குழுவினரும், தாரையின் அடிப்பகுதியில் காந்தப்புலம் முறுக்கிய கயிறு போல் சுருண்டுள்ளது என்று 2008-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஒளிக் குடும்பத்தைச் சேராத ஒரு சாட்சியும் பின்னர் வந்தது. தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணர்கருவிகளைப் புதைத்து ‘ஐஸ்கியூப்’ என்னும் நிலையத்தை அமைத்திருக்கிறார்கள். மின்னூட்டமற்ற நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பிடிப்பது அதன் வேலை. எலக்ட்ரான்கள் ஒளி வீசும்போது இத்துகள் பிறப்பதில்லை. வேகமிக்க புரோட்டான்கள் மோதும்போது பிறக்கும். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பேராற்றல் கொண்ட ஒரு நியூட்ரினோ அங்கே சிக்கியது. 43 வினாடிகளில் உலக வானாராய்ச்சி நிலையங்களுக்குச் செய்தி பறந்தது. அது வந்த திசையில், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்னும் பிளேசார் காமா கதிரில் பொங்கிக்கொண்டிருப்பதை 2008-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்கலம் காட்டியது. புரோட்டான் கட்சிக்கு முதல் வலுவான சான்று கிடைத்தது. பிறகு ஐஸ்கியூப் தன் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. 2014-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அதே திசையிலிருந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்தன. ஆனால் அந்நாட்களில் அந்தப் பிளேசார் காமா கதிரில் பொங்கவில்லை! ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மற்றொரு முடிச்சு விழுந்தது.

எலக்ட்ரான்கள் எங்கே வேகம் பெறுகின்றன என்ற வினாவுக்கு 2022-ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. எக்ஸ் கதிரின் அதிர்வுத் தளத்தை அளக்கும் விண்கலம் ஒன்று முந்திய ஆண்டில் ஏவப்பட்டிருந்தது. அது மார்க்காரியன் 501-ஐ நோக்கியபோது தரைத் தொலைநோக்கிகளும் உடன் நோக்கின. எக்ஸ் கதிரில் ஏறத்தாழ 10 சதவீதம் ஒழுங்கான அதிர்வுத் தளம் கொண்டிருந்தது. கட்புலனாகும் ஒளியில் அதில் பாதியே. பாறையில் மோதும் வெள்ளம் மோதுமிடத்தில் ஒரே முகமாய் எழுந்து, அப்பால் செல்லச் செல்லக் கலங்குவதைக் கண்டிருப்பீர்கள். தாரையிலும் ஓர் அதிர்ச்சி முகப்பு இருக்கிறது. எலக்ட்ரான்கள் அங்கே வேகம் பெற்று, எக்ஸ் கதிரை அருகிலேயே வீசி, ஆற்றல் குன்றியபின் கலங்கிய பகுதிகளில் கட்புல ஒளியை வீசுகின்றன என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தார்கள்.

இந்தக் கூட்டு முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2015-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்கலம் புறஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் ஒருசேர நோக்கும்படி அமைக்கப்பட்டது. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள காமா தொலைநோக்கிகள் 2010-ஆம் ஆண்டில் மார்க்காரியன் 421-இன் பொங்கலைக் கண்டன. அதே இடத்தில் 21 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும் 2024-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது.

எலக்ட்ரானா, புரோட்டானா என்ற வழக்கு முடிந்துவிடவில்லை. அதற்குத் தீர்ப்புக் கூறும் வாய்ப்பு இன்று கல்லூரியில் பயிலும் உங்களுள் சிலருக்குக் கிடைக்கலாம். அந்நாளில் உங்களுக்குத் துணை நிற்பவை புதிய கருவிகள் மட்டும் அல்ல. கர்ட்டிஸின் குறிப்பும், ஹார்வர்டின் தகடுகளும், ஐஸ்கியூபின் பழைய ஏடுகளும் எவ்வாறு பின்னாளில் பேசின என்பதைப் பார்த்தோம். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எடுக்கும்போது நாளையும் நேரத்தையும் தவறாமல் எழுதுங்கள். விடை பொருந்தவில்லை என்பதற்காக அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள். ஹோஃப்மைஸ்டர் தம் புள்ளியை இன்னதென்று அறிந்தாரில்லை. ஆயினும் அதன் இடத்தையும் அது மாறுவதையும் உண்மையாக எழுதி வைத்தார். அந்த ஒரு வரி இருந்தமையால்தான் 39 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர், நட்சத்திரம் அல்லாத அந்த நட்சத்திரத்தை அதற்குரிய வகுப்பில் சேர்க்க முடிந்தது.